பன்னிரண்டு அடி ஆகாது

"ஏட்டி, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறது வேற, வீடு பாக்குறது வேற. நீ டேப்போட அந்த முனையப் பிடி. அது போதும்."

சொன்னவர் என் தாய்மாமா. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லத்தி இருந்த கையில் இப்போது ஒரு மனையடிப் புத்தகம் இருந்தது. லத்தியால் யாரும் திருந்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. புத்தகத்தை ஊரே நம்பியது. ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி வரைக்கும் யார் வீடு வாங்கினாலும் மாமா போய் அளந்துவிட்டு வருவார். அளந்த இடத்தில் ஒரு வேட்டியும் சாப்பாடும் கிடைக்கும்.

நான் முனையைப் பிடித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைப் பற்றி இனிமேல் நான் சொல்லப்போவது எதுவும் கௌரவமாக இருக்காது. அதனால் என் பங்கையும் மறைக்கக்கூடாது.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. அப்பா மில்லில் இருபத்தாறு வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார். மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் மொத்தமும் வங்கியில் கிடந்தது. வங்கியில் கிடப்பது அப்பாவைப் பொறுத்தவரை கண்ணுக்குத் தெரியாத பணம். ஒரு வாடகை வீடு வாங்கிப் போட்டால் மாதம் பிறந்ததும் கைக்கு வரும், மூச்சு வாங்காமல் சோறு தின்னலாம் என்று நினைத்தார். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் போனால் போனதுதான். இன்னொரு முறை சம்பாதிக்க அவர் நெஞ்சில் காற்று இல்லை. மாடிப்படி நாலு ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவார்.

வீட்டை என் பேரில் வாங்குவதாகப் பேச்சு. "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ பேர்ல இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா வழியில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் கட்டைவிரலால் காலம் தள்ளியவர்கள். நான் இயற்பியலில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். இந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

மாமா பார்த்து வைத்திருந்த இடம் என் பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கிற தூரம். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், கிழக்குப் பார்த்து, ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும் நாலு வீடுகள். ஒவ்வொன்றும் ஒரே அறைதான். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். பின்பக்கம் நாலு வீட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு கை பம்பு, ஒரு கக்கூஸ். நாலிலும் குடித்தனம் இருந்தது. விற்கிறவர் மளிகைக் கடைக்காரர். மாமாவை "ஏட்டய்யா, ஏட்டய்யா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். மாமாவுக்கு அது போதும்.

அன்று மாமா அளந்தார். நான் முனையைப் பிடித்தேன். அங்குலத்தை அடியாக மாற்றிச் சத்தமாகச் சொன்னதும் நான்தான்.

"நீளம் பதினாறு."

"பதினாறு நல்லது" என்றார் மாமா. "அகலம்?"

"பன்னெண்டு."

மாமா டேப்பை விட்டுவிட்டார். அது சர்ரென்று ஓடிவந்து என் விரலைத் தட்டியது. "பன்னெண்டா? பன்னெண்டு ஆகாதே! பொருள் தங்காது. பதினொன்னு இருந்தா யோகம். அய்யா, அகலத்துல ஒரு அடி கூடிப்போச்சே?"

மளிகைக் கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. அவர் கடையில் எடை கூடினாலும் குறைந்தாலும் சரிசெய்யத் தெரிந்தவர். "ஒரு அடிதான ஏட்டய்யா? பத்து நாள் குடுங்க. நாலு வீட்டுலயும் உள்ளுக்குள்ள ஒரு சுவரு எழுப்பிப் பதினொன்னாக்கித் தாரேன்."

"அப்படியே அடுப்படியையும் அக்கினி மூலைக்கு மாத்திருங்க."

கிழக்குப் பார்த்த வீட்டில் அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு, தலைவாசலை ஒட்டி வரும். அதுவரை அடுப்பு பின்வாசல் பக்கம் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். வாயைத் திறக்கவில்லை. உள்ளே குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கி நின்று, தங்கள் வீடு ஒரு அடி சின்னதாகப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா அட்வான்ஸ் கொடுத்தார். நான் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பத்து நாளில் நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவு அலுவலகத்துக்குப் போய் வில்லங்கச் சான்று வாங்கினேன். மூலப்பத்திரத்தை வரி விடாமல் படித்தேன். அடமானம், வழக்கு, பங்காளித் தகராறு ஒன்றும் இல்லை. "பாத்தியா, படிப்பு வீண் போகல" என்று அம்மா பூரித்துப்போனாள். எனக்கும் பெருமைதான். வில்லங்கம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும் என்று நம்பிய முட்டாள்தனத்துக்கு ஒரு பட்டம் வேறு வாங்கி வைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டதும் தனியாக அந்தச் சந்துக்குப் போனேன். சுவர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத்தான். முதல் வீடு பூட்டிக் கிடந்தது. மூன்றாவது வீட்டில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. அங்கே குடியிருந்தவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவர். இரண்டு பெண் குழந்தைகள். கணவர் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க டீச்சர். வீட்டுக்காரவுகளே வந்துட்டீக."

"நான் இன்னும் வீட்டுக்காரி ஆகலக்கா. கை கழுவிக்கிடலாமா? பஸ்ல ஒரே தூசி."

பின்வாசலைத் திறக்கப் போனேன். கதவு பாதிதான் திறந்தது. புதுச் சுவர் பின்வாசல் நிலையை மறைத்துக்கொண்டு வந்து நின்றது. பக்கவாட்டில் நுழைந்துதான் வெளியே போக முடிந்தது. பம்பின் கைப்பிடியைத் தொடப் போனேன். பின்னாலிருந்து அந்த அக்கா கத்தினார்.

"டீச்சர்! தொடாதீக! அந்தச் செருப்பப் போட்டுக்கோங்க!"

பம்புக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் நீல நிற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி தொங்கியது. நாலு வீட்டுக்கும் பொதுச்செருப்பு. யார் தண்ணீர் அடித்தாலும் அதை மாட்டிக்கொண்டுதான் அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் ஆணியில் தொங்கவிட வேண்டும். குழந்தைகள் பம்புப் பக்கமே வரக்கூடாது.

"எப்ப இருந்துக்கா?"

"சுவரு எழுப்பி ரெண்டாம் நாளு. சுருக்குன்னு இழுத்துச்சு. கடைக்காரர்ட்ட சொன்னோம். ஈரம் காஞ்சாச் சரியாப் போகும்னுட்டாரு. மொத வீட்டு அண்ணாச்சி, அவியளுக்குப் பச்சப்பிள்ள, மறுநாளே சாமானத் தூக்கிட்டுப் போயிட்டாக. எங்களுக்குப் போக இடம் வேணும்ல?"

உள்ளே வந்து புதுச் சுவரைத் தட்டினேன். காலி டின்னைத் தட்டியது போல் இருந்தது. ஒரு அடியைக் குறைக்க ஒரு அடிக்குச் செங்கல் அடுக்க மளிகைக் கடைக்காரருக்கு என்ன பைத்தியமா? ஒற்றைச் செங்கல் கனத்தில், மண்ணைக் குழைத்து, பழைய சுவரிலிருந்து தள்ளி ஒரு சுவர். அதற்கு அஸ்திவாரம் கிடையாது. தரைமேல் அப்படியே நிற்கிறது. நடுவில் வெறும் இடைவெளி. பழைய சுவரில் மரச் சட்டம் அடித்து ஓடிய வயரைக் கழற்றவே இல்லை.

"கேட்டேன் டீச்சர். உள்ளேயே கெடக்கட்டும், அது என்ன உங்ககிட்ட சோறா கேக்குதுன்னாரு கொத்தனாரு."

பழைய வயர், ஈர மண், இரண்டு சுவருக்கு நடுவில் எலி ஓட வழி. நாலு வீட்டுக்கும் எர்த் வயர் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கொண்டுபோய்ப் பம்புக் குழாயில் கட்டியிருந்தார்கள். சுவருக்குள் கசிந்த மின்சாரம் நேரே பம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பாடம். வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன்.

இதுவும் போதாது என்று அந்தப் பொய்ச் சுவரின் தலையில் கடப்பாக்கல் பரண் போட்டிருந்தார்கள். பரண்மேல் பித்தளை அண்டா. பரணுக்குக் கீழே குழந்தைகளின் பாய். வாசலை ஒட்டி மண்ணெண்ணெய் அடுப்பு. அதற்கு எட்டின தூரத்தில் தைக்க வந்த துணி மூட்டைகள். அடுப்பு பற்றிக்கொண்டால் முன்வாசல் போச்சு. பின்வாசலில் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒருக்களிக்க முடியுமா என்று நான் அந்தக் கதவில் நின்று பார்த்தேன். முடியாது.

அந்த அக்கா தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்: "நீங்கதான் இந்தச் சுவரு வேணும்னு கேட்டீகளாமே டீச்சர்? எதுக்கு?"

எனக்குப் பதில் தெரியும். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது எங்களுக்கு வீடு கொடுத்தவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து ராஜபாளையத்தில் வாடகை வீடுதான். ஏழு வீடு மாறியிருக்கிறோம். ஏழு வீட்டிலும் நாங்கள் பரீட்சை எழுதித்தான் உள்ளே போனோம். நீங்க என்ன ஆளுக? கறி எடுப்பீகளா? விருந்தாளு எத்தன நாள் தங்குவாக? தண்ணி எம்புட்டுப் பிடிப்பீக? சுவத்துல ஆணி அடிப்பீகளா? எங்களால் அவர்கள் வீட்டுக்கு என்ன கெடுதல் வரும் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அவர்கள் வீட்டால் எங்களுக்கு என்ன வரும் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஒரு வீட்டில் கைப்பிடி இல்லாத படியில் அம்மா விழுந்தபோது, படி பெயர்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் வீட்டுக்காரர் ஓடிவந்தார். அந்தக் கூட்டத்தில் சேரத்தான் இப்போது நாங்கள் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்தால் மாமா உட்கார்ந்திருந்தார். அம்மா சுட்டுப்போட்ட தோசையில் ஐந்தாவது அவர் தட்டில் இருந்தது. பத்திரப் பதிவுக்கு நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார். நான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஈரச் சுவருன்னா செத்த நாளைக்குச் சுருக்குன்னுதான் இருக்கும்" என்றார் மாமா. "நான் பாக்காத ஷாக்கா? இதுக்கெல்லாமா நாள மாத்துறது?"

"சுவரே வேண்டாம் மாமா. அத இடிக்கணும். வயர மாத்தணும்."

"சுவர இடிச்சா மறுபடி பன்னெண்டு வந்துரும்."

"வரட்டும்."

"அண்ணே, பன்னெண்டு ஆகாதுன்னியே?" என்று அம்மா பதறினாள்.

"அதத்தான சொல்லுதேன். ஒம் மகளுக்கு எங்க புரியுது? நாலு எழுத்துப் படிச்சதும் சாஸ்திரம் சின்னதாத் தெரியுது."

"மாமா, ஒண்ணு மட்டும் கேக்கேன். பதினோரு அடில யோகம் யாருக்கு? குடியிருக்கவங்களுக்கா, வாடகை வாங்குறவங்களுக்கா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பேருக்கும்தான்."

"அப்ப கரண்டு ஏன் அவங்களுக்கு மட்டும்?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எல்லாருமாப் போய்ப் பாப்பம். மச்சான் பாத்துச் சொல்லட்டும்." அதுதான் அப்பா. அவர் பணம், அவர் நெஞ்சு, அவர் இருபத்தாறு வருஷம். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது மட்டும் மச்சான்.

சனிக்கிழமை ஒரு எலக்ட்ரிக் கடையில் டெஸ்டர் வாங்கினேன். மின்சாரம் இருந்தால் பிடியில் குட்டி விளக்கு எரியுமே, அதுதான். கடைக்காரர், "யாருக்கும்மா, வீட்டுல அண்ணனுக்கா?" என்றார்.

"எனக்குத்தான்."

"நல்லாப் பாத்துப் பிடிக்கணும்மா, பொம்பளப்பிள்ள..."

"இதுக்கு ஆம்பள பொம்பள தெரியாது. ரெண்டு பேர் கையிலயும் எரியும்" என்றேன். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் நாங்கள் நாலு பேர், மளிகைக் கடைக்காரர், தையல்கார அக்கா. மற்ற இரண்டு வீட்டிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் டெஸ்டரைப் பம்புக் கைப்பிடியில் வைத்தேன். பட்டப்பகலிலும் தெரிகிற மாதிரி எரிந்தது.

"இந்த லைட்டு எதுல வச்சாலும் எரியும்" என்றார் மாமா.

கதவு நாதாங்கியில் வைத்தேன். எரியவில்லை. இரும்பு வாளியில் வைத்தேன். எரியவில்லை. திரும்பப் பம்பில் வைத்தேன். எரிந்தது.

மளிகைக் கடைக்காரர், "அந்தச் சாமானே பழுதா இருக்கும். டீச்சரம்மா எங்க வாங்குனாகளோ?" என்று சிரித்தார்.

மாமாவுக்குத் தான் போலீஸ்காரர் என்ற ஞாபகம் வந்துவிட்டது. "தள்ளு ஏட்டி" என்று என்னை ஒதுக்கிவிட்டு நேரே போய்ப் பம்புக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்தார். பிடித்தபடியே எங்களைத் திரும்பிப் பார்த்தார். மீசை கொஞ்சம் மேலே ஏறியது. "என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. போதுமா?"

அம்மா கும்பிடாத குறை. மளிகைக் கடைக்காரர், "ஏட்டய்யான்னா ஏட்டய்யாதான்" என்றார். அப்பா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

மாமா போட்டிருந்தது கனமான ரப்பர் அடிப் பூட்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் வேட்டிக்குக் கீழே அதைத்தான் போட்டுக்கொண்டு திரிவார்.

"பூட்ஸக் கழத்திட்டுப் பிடிங்க மாமா" என்றேன்.

"எதுக்கு?"

"அந்தப் பிள்ளைக பூட்ஸ் போடுறதில்ல."

மாமா அசையவில்லை. அப்பா மெதுவாக மாமாவின் காலைப் பார்த்தார். மில்லில் எந்த மெஷின் எப்போது கையைப் பிடிக்கும் என்று இருபத்தாறு வருஷம் பார்த்த கண். பிறகு சொன்னார்: "கழத்துங்க மச்சான். பாத்துருவம்."

"கால்ல ஆணி மாப்ள" என்றார் மாமா. "வெறுங்கால்ல நிக்கவே படாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

எட்டிப் பார்த்த தலைகளில் ஒன்று சிரித்தது. தையல்கார அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மளிகைக் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். மாமா கைப்பிடியை விட்டார். அவசரமே இல்லாதவர் போல, ஒவ்வொரு விரலாக விட்டார்.

அப்பா உள்ளே போனார். சுவரைத் தட்டினார். பரணை அண்ணாந்து பார்த்தார். கீழே பாய் கிடந்தது. பின்வாசலில் நுழைய முயன்றார். ஒல்லியான மனிதர், அவருக்கே தோள் இடித்தது. வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மளிகைக் கடைக்காரரிடம் சொன்னார்: "மில்லுல ஒரு மெஷின் இப்படி இழுத்தா மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் மத்த பேச்சு. எம் மக என்ன சொல்றாளோ அதச் செஞ்சாத்தான் பதிவு. இல்லேன்னா அட்வான்ஸத் திருப்பிக் குடுங்க."

எனக்காக அப்பா சபையில் பேசியது அதுதான் முதல் தடவை. பூட்ஸ் பேசிய பிறகுதான் பேசினார் என்பதையும் நான் மறக்கவில்லை.

நான் முந்தின நாளே எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன். நாலு வீட்டிலும் உள்சுவரை இடிக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து முழுக்க வயரை மாற்ற வேண்டும். எர்த்துக்குத் தனியாகக் குழி தோண்ட வேண்டும். அந்த வயர் பம்புக் குழாயைத் தொடக்கூடாது. அடுப்பு பழைய இடத்துக்குப் போக வேண்டும். முற்றத்திலிருந்து மொட்டைமாடிக்குப் போகிற படிக்குக் கைப்பிடி. மொட்டைமாடியில் முழங்கால் உயரம் இருந்த கைப்பிடிச் சுவரை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். கக்கூஸுக்கு உள்பக்கத் தாழ்ப்பாளும் போகிற வழிக்கு ஒரு விளக்கும். எல்லாம் முடிந்து நான் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு பதிவு.

"இது என்னம்மா, கல்யாண லிஸ்ட் மாதிரில இருக்கு?" என்று கொதித்தார் மளிகைக் கடைக்காரர். "சுவரு வேணும்னது யாரு? நீங்க. கட்டக் கூலி குடுத்தது நானு. இப்ப இடிக்கவும் நானா கூலி குடுக்கணும்?"

அதில் நியாயம் இருந்தது. எனக்கு அந்த மனிதரைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதால் நியாயம் இல்லாமல் போய்விடாது. "இடிக்கிற கூலி எங்களோடது. சுவரு எங்க ஆசைக்கு வந்தது. மத்ததெல்லாம் உங்க வீட்டுல ஏற்கனவே இருக்க வேண்டியது" என்றேன். அன்றைக்கே மளிகைக் கடைக்காரர் மெயினை அணைத்தார். பம்பைத் தொட எல்லோருக்கும் பயம் என்பதால், வயர்மேன் வருகிறவரை மூன்று வீட்டுக்கும் பக்கத்துக் கட்டடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். வீடு விற்க வேண்டிய அவசரம் அவருக்கு. வேறு எந்த மாமாவும் அந்தப் பன்னிரண்டு அடியை வாங்கப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்த பதினைந்து நாளில் சுவர்கள் இறங்கின. இரண்டாவது வீட்டில் மண்வெட்டியால் ஒரு தள்ளு தள்ளியதும் சுவர் பரணோடு சேர்ந்து படுத்தது. கொத்தனார் பின்னால் குதித்தார். உள்ளே கிடந்த வயரில் எலி கடித்த இடம் செம்புக் கம்பி தெரியப் பளபளத்தது. நான் அதில் ஒரு சாண் வெட்டி வாங்கி வகுப்புக்கு எடுத்துப் போனேன். புத்தகத்துப் படத்தைவிட அது நன்றாகப் பாடம் நடத்தியது.

பதிவுக்கு முந்தின நாள் மாலை எல்லோரும் மறுபடி அந்த முற்றத்தில் கூடினோம். டெஸ்டர் எதிலும் எரியவில்லை. தையல்கார அக்கா வெறுங்காலோடு பம்பு அடித்தார். குழந்தைகள் இரண்டும் வாளிக்குள்ளேயே தலையை விட்டன. மாமாவும் வந்திருந்தார். மனிதர் தோற்றுப்போனதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் புத்தகத்தில் வழி இருந்தது. "அளவு சுவருக்குச் சுவரு எடுக்கணும்னு இல்ல. தரையில எடுத்தாப் போதும். ஓரமா ஒரு அடி அகலத்துக்குச் சிமெண்ட் மேடை போட்டுக் குடம் வச்சுக்கிட்டா, நடக்கிற இடம் பதினொன்னு. யோகம் வந்திரும்" என்றார்.

நாலு வீட்டில் சுவர் எழுப்பச் சொன்ன அதே சாஸ்திரம் இப்போது அரை முழ உயரத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டது. முதலிலேயே அந்தக் குடமேடையை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. ஒரு அடி மேடையில் யாரும் சாகமாட்டார்கள், போட்டுவிட்டுப் போகட்டும்.

மாமா கைப்பிடிச் சுவரையும் புது மெயினையும் படிக் கம்பியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாக்கைத் தட்டினார்.

"எம்புட்டுச் செலவு! வாடகைக்கு விடுற வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கு? நாமளா வந்து குடியிருக்கப் போறோம்?"

"ஆமா மாமா" என்றேன்.

அம்மாவும் அப்பாவும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. முதல் வீடு காலியாகத்தான் இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் பக்கம். வாசலுக்குப் போக அப்பா படி ஏற வேண்டியதில்லை. அன்று காலை பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே ராஜபாளையத்து வீட்டுக்காரம்மாவிடம், ஒன்றாம் தேதி காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.